சிக்னே வீட்டுப் புதுத் தரை

மழை பிடித்துக்கொண்டதும் சிக்னேவுக்கு முதலில் ஞாபகம் வந்தது தரைதான். ஓக் பலகைத் தரை, போன மாதம் போட்டது. முகம் தெரிகிற அளவுக்கு மெழுகு பூசி வைத்திருந்தாள். தேவாலயக் கூடத்தில் ஹீட்டர் பழுதானதால் பாடகர் குழுவின் ஒத்திகை இன்று, நார்வேயின் மொல்டே ஊரில் இருந்த அவள் வீட்டில்.

வந்தவர்கள் வழக்கம்போல வாசலிலேயே ஷூக்களைக் கழற்றினார்கள். கால் குளிருமே என்று, ஒரு கூடை நிறையக் கம்பளிக் காலுறை பின்னி வைத்திருந்தாள் சிக்னே.

கடைசியாக வந்தவள் துரீத். எழுபதைத் தாண்டியும் குழுவின் தூண் அவள் குரல்தான். இத்தனை வருஷத்தில் ஒருவர் வீட்டுக்கும் போனதில்லை. பூனை ஆகாது, பஸ் இல்லை என்று ஏதாவது சாக்கு. வலது கையை எப்போதும் கோட்டுப் பையில் விட்டபடியே நடப்பாள்.

"கேப்டன் வந்தாச்சு," என்றான் சிக்னேவின் கணவன் ஐனார்.

"உன் பாட்டைத் தாங்காமத்தான் அங்க ஹீட்டரே நின்னுபோச்சு," என்றாள் துரீத்.

"ஷூவைக் கழட்டிடும்மா, புதுத் தரை. இந்தா, நானே பின்னினது," என்று காலுறையை நீட்டினாள் சிக்னே.

துரீத் ஒரு கணம் தயங்கினாள். பிறகு கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, உட்கார்ந்து ஷூக்களையும் கழற்றிக் காலுறையைப் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் சிக்னே கவனித்தாள். வலது ஷூவின் அடி மற்றதைவிட மூன்று விரல் தடிமன். கோட்டும் இல்லாததால், பையில் மறைந்திருந்த அந்த வலது கை இப்போது வெளிப்படையாகவே தொடையை அழுத்திக்கொண்டிருந்தது. கையால் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்தி, அதன்மேல் உடம்பை ஏற்றித்தான் ஒவ்வோர் அடியும் வைத்தாள்.

பியானோவை எட்டுவதற்குள் கம்பளி மெழுகில் வழுக்கியது. சிக்னே கையைப் பிடிக்கப் பாய்ந்தாள்.

"பிடிக்காத, விடு."

துரீத் தாடையை நெஞ்சில் ஒடுக்கினாள். இடது பக்கம் சரிந்து, இடுப்பு, முதுகு, தோள் என்று ஒரே உருளலில், துணி மடிவதுபோல் தரையில் படிந்தாள். படுத்தபடியே விரல், மணிக்கட்டு, முழங்கால் என ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தவாக்கில் நகர்ந்து நாற்காலியை அடைந்து, முழங்கைகளை அதில் ஊன்றி, நல்ல காலைக் கீழே கொடுத்து எழுந்தாள். இத்தனை காலம் பக்கத்தில் நின்று பாடியவளை இன்றுதான் பார்க்கிறோம் என்று தோன்றியது சிக்னேவுக்கு.

"இதை எங்க கத்துக்கிட்ட?" அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"போலியோ ஆஸ்பத்திரியில. நடக்கச் சொல்லித்தர்றதுக்கு முன்னாடி விழச் சொல்லித்தந்தாங்க. மெத்தையை விரிச்சுப்போட்டு பிள்ளைங்க நாங்க நாள் பூரா விழுவோம். போட்டி வேற. நான்தான் ஜெயிப்பேன்."

"நான் பிடிச்சிருந்தா?"

"தோள் கழண்டிருக்கும். நீயும் என் மேல விழுந்திருப்ப. உன் கனத்துக்கெல்லாம் அங்க பயிற்சி தரல."

எல்லோரும் சிரித்தார்கள். துரீத் சிரிக்கவில்லை.

"இப்ப நல்ல காலும் களைச்சுப்போகுது. இந்தக் கால் எலும்பு சுள்ளி மாதிரி. ஒருதரம் முறிஞ்சா அப்புறம் நடையே இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"தெரிஞ்சுமா ஷூவைக் கழட்டின?"

"எல்லாரும் கழட்டினாங்களே. எல்லாரும் செய்யறதைச் செஞ்சா என் காலைப் பத்தி யாருக்கும் தெரியாதுங்கறது சின்ன வயசுப் பழக்கம். இன்னைக்கு அதுதான் என்னைத் தள்ளிவிட்டுச்சு."

சிக்னே வாசலுக்குப் போய் ஷூக்களை எடுத்து வந்தாள். மண்டியிட்டு, துரீத்தின் காலில் மாட்டி நாடாவை இறுக்கிக் கட்டினாள். துரீத் எழுந்து பியானோவுக்கு நடந்தாள். மெழுகின் மேல் சேற்றுத் தடம் வரிசையாகப் பதிந்தது.

"தரை, சிக்னே," என்றான் ஐனார் மெதுவாக.

"தேய்ச்சு மறுபடி மெழுகு போட்டுக்கலாம். என் தரைக்காக ஒருத்தி நடை போச்சுன்னா எதைப் போட்டுச் சரிபண்றது? விழறப்ப பாய்ஞ்சு பிடிக்கிறது உதவியே இல்ல, ஐனார். வாசல்லயே அவகிட்ட, உனக்கு எது வசதின்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும்."

துரீத் பாட்டுப் புத்தகத்தை விரித்தாள். வலது கை, எல்லோரும் பார்க்கும்படி, தொடையின் மேலேயே இருந்தது.

"நீ கேக்காட்டியும் நான் சொல்லியிருக்கணும்," என்றாள். "விழக் கத்துக்கிட்டவளுக்கு, விழுந்துடுவேன்னு சொல்றதுக்குத்தான் இத்தனை வருஷமாச்சு."