குதிரைவீரன் வெள்ளி

என் மனைவி பார்வதத்துக்கு விடியலில் எடுத்த பிரசவ வலி, தொழிற்சாலைச் சங்கு மத்தியானம் ஊதியும் விடவில்லை. மருத்துவச்சி நாகம்மாள் வெளியே வந்து, "புள்ள எறங்கல. ஜுலைகாம்மாவுக்குச் சொல்லி உட்டுக்கீறேன், வெள்ளிய எடுத்துகினு வரும்" என்றாள். நான் என் காசுப் பெட்டியின் பூட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

பூந்தமல்லியில் எங்கள் பக்கத்து வழக்கம் அது. ஜுலைகா அக்கா வீட்டுப் பழைய வெள்ளிக்காசைத் தண்ணீரில் போட்டு, வலியெடுத்தவளுக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். யார், எந்தச் சாதி என்று அக்கா கேட்டதில்லை. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆசை மட்டும் இருந்தது. 1728இல் டச்சுக்காரன் அடித்த காசு அது. வாளை ஓங்கியபடி ஒரு குதிரைவீரன். ஐரோப்பிய வெள்ளி சேர்க்கும் பைத்தியம் பிடித்து ஏழு வருஷம் மூர்மார்க்கெட்டைச் சலித்தவன் நான். அதைப் புத்தகத்தில் படமாகத்தான் பார்த்திருந்தேன்.

போன வருஷம், அறுபத்தேழு ஆடியில், ஆவடியில் சித்தப்பா மகளுக்கு வலி என்று சொல்லி அதை வாங்கினேன். எனக்குச் சித்தப்பாவே கிடையாது. பாடித் தொழிற்சாலையில் அச்சு செய்யும் டூல்ரூமில் வேலை பார்க்கிறவனுக்கு வார்ப்பு பெரிய வித்தையா? ஜார்ஜ் தலை போட்ட மூன்று வெள்ளி ரூபாயை உருக்கி, அசலைப் பதித்தெடுத்த மண் அச்சில் இன்னொரு குதிரைவீரனை வார்த்தேன். அவித்த முட்டையின் மஞ்சள் கருவோடு மூடிவைத்துக் கறுக்கவிட்டேன். நான்காம் நாள் திருப்பிக் கொடுத்தது அதைத்தான்.

"தங்கச்சிக்கு இன்னா கொயந்த, தம்பி?" என்றார் அக்கா. ஆம்பளை என்றேன். பெற்றவளுக்கென்று பேரீச்சம்பழம் கட்டிக் கொடுத்தார். வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி நானே தின்று தீர்த்தேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் தின்றேன்.

இப்போது அவர் முக்காட்டைச் சரிசெய்தபடி வேகமாக வந்து, செம்புத் தண்ணீரில் என் வார்ப்பைப் போட்டு ஓதினார். உள்ளே பார்வதம் பல்லைக் கடித்து முனகினாள். நம்பாதவனுக்கு எந்தக் காசாக இருந்தால் என்ன? இப்படிக் கேட்டுக்கொண்டே நான் என் பெட்டியைத் திறந்திருந்தேன். அக்கா கை கழுவப் போன நேரத்தில் அசலைச் செம்புக்குள் நழுவவிட்டேன். என்னுடையதை வெளியே எடுப்பதற்குள் நாகம்மாள் செம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அரை மணியில் குழந்தை அழுதது. பெண். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஜுலைகா அக்கா காலிச் செம்போடு வெளியே வந்தார். அவர் உள்ளங்கையில் இரண்டு குதிரைவீரர்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார். வார்த்த வெள்ளி ஆறும்போது சுருங்கும். மேலே இருந்ததைச் சுற்றி அசலின் விளிம்பு மெல்லிசாகத் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"ஐப்பசியில ஞானம்மா குடிச்சது இதுல எது, தம்பி?"

ஞானம்மாள் பின்தெருக்காரி. பிரசவத்திலேயே பிள்ளையோடு போனவள். காசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, எல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே என் மகள் வீறிட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா கையை நீட்டியபடியே நின்றார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.