மொட்டு நிற்காத செம்பருத்தி

இன்றைக்கும் முதலாளி வீட்டு வாசல் செம்பருத்தியின் மொட்டுகள் தரையில்தான் கிடந்தன. பழனாத்தாள் ஒன்றைப் பிளந்து பார்த்தாள், புழு இல்லை. இலைக்கடியில் மாவுப்பூச்சியும் இல்லை. இலை ஓரம் மட்டும் தீயில் காட்டியதுபோல் கருகியிருந்தது.

வாடுகிற செடிக்குத் தண்ணீர்தான் மருந்து என்று அவள் ஆழ்துளைக் கிணற்றின் போர்க் குழாயைக் கூடுதலாகத் திறந்துவிட்டாள். சாணம் கரைத்தும் ஊற்றினாள். மொட்டு இன்னும் வேகமாக உதிர்ந்தது.

"ஏம் பழனாத்தா, இன்னிக்கும் பிள்ளையாருக்குக் கடைப் பூவா? செடியப் பாக்கறயா, எழவு கூட்டறயா?" முதலாளியம்மா வாசலில் நின்றாள். "ஆடி முடியற வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற ஆளு."

"செரிங்க அம்மணி."

பக்கத்திலேயே முதலாளியின் சாயப்பட்டறை. அங்கே வேலை பார்த்தபோது கை வெந்துதான் அவள் புருஷன் பொங்கியண்ணன் வீட்டோடு கிடந்தான். திருப்பூரில் அவர்கள் அடுப்பு எரிவது இந்தத் தோட்ட வேலையால்.

பழனாத்தாள் பின்பக்கம் சாணம் கரைத்துக்கொண்டிருந்தபோது சமையல்காரி சாந்தாமணி அரிசி களைந்த தண்ணீரோடு வந்தாள். "உங்கூட்டுக்காரருக்குக்கூட இத்தன பண்டுவம் பாத்திருக்க மாட்டீங்கக்கா!" சிரித்துக்கொண்டே அங்கிருந்த செம்பருத்தியின் தூரில் ஊற்றினாள்.

அந்தச் செடி நிறையப் பூ. வாசல் செடியும் இதுவும் ஒரே தாய்ச்செடியில் ஒடித்து நட்ட போத்து. அதே மண், அதே சாணம்.

"அரிசி எந்தத் தண்ணியில களையறீங்க?"

"லாரியில வர்ற நல்ல தண்ணிதான். போர் தண்ணியில சோறாக்கினா வாயில வெக்க முடியுமா?"

பழனாத்தாளுக்குப் பிடிபட்டது. பட்டறையின் உப்புக் கழிவு மண்ணுக்குள் இறங்கிப் போருக்கு வந்திருந்தது. ஊற்ற ஊற்ற உப்பு வேரைச் சுற்றிச் சேரும். வேர் ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் தவிக்கும். அப்போது செடி முதலில் மொட்டைத்தான் கைவிடும்.

"அம்மணி, போர் தண்ணி உப்பாயிருச்சுங்க. லாரித் தண்ணி கொஞ்சம் உட்டா..."

"காசு குடுத்து வாங்கற தண்ணியச் செடிக்கா? பட்டறையால போர் கெட்டுதுன்னு ஊருக்குள்ள சொல்லிட்டுத் திரியாத, ஆமா!"

மறுநாள் விடியலில் பழனாத்தாள் குடத்தைத் தலையில் ஏற்றினாள். வாரம் ஒருமுறை தண்ணீர் வரும் தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்துவைத்த குடங்களில் ஒன்று.

"குடிக்கறதுக்கு?" பொங்கியண்ணன் பாயிலிருந்து கேட்டான்.

"போர் தண்ணியே குடிச்சுக்கலாமுங்க. நமக்கென்ன, மொட்டா உதிரப்போகுது?"

வாசல் செடியின் தூரைக் கொத்திவிட்டு, தினமும் ஒரு குடம் நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றினாள். உப்பு கரைந்து வேருக்குக் கீழே இறங்கியது. மொட்டு உதிராமல் நின்றது.