மழைக்கு அஞ்சாத மரம்

என் வீட்டுக்காரர் ஃபெர்கலுக்கு காக்ஸ் ஆப்பிள்மேல் அப்படி ஒரு பிடிவாதம். அவர் பிறந்த கில்கென்னியில் மழை குறைவு, காக்ஸ் நன்றாகக் காய்க்கும். நாங்கள் குடிவந்த லீட்ரிமிலோ ஆடு நனையாத நாளே கிடையாது. பன்னிரண்டு வருடத்தில் மூன்று மரம் நட்டார். மூன்றுக்கும் பட்டையில் புண் விழுந்தது. புண் கிளையைச் சுற்றி வளைத்ததும் அதற்கு மேலே எல்லாம் காய்ந்துபோயிற்று.

மூன்றாவதை வெட்டிய அன்று தபால்காரி அட்ராக்டா வந்தாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு மரம் வளக்க வரல, நூலா அக்கா. விறகு வளக்கத்தான் வருது," என்றாள் என்னிடம்.

ஃபெர்கல் கடிதத்தோடு வெளியே வந்தார். "நாலாவது கன்னுக்கு எழுதியாச்சு. பேசாம எடுத்துட்டுப் போ."

"மறுபடியும் காக்ஸா?"

"ஆமா."

"நாளைக்கு எடுத்துக்கறேன். இன்னிக்கு என் வண்டி பின்னால வாங்க. இருபது வருஷமா இந்த ரோட்டுல எல்லார் வீட்டு மரத்தையும் பாக்கறவ நான்."

அவர் முறைத்தார். நான் கார் சாவியை எடுத்தேன்.

முதல் இரண்டு வீட்டிலும் அதே புண். "பாத்தியா, எங்கயும் இதே கதைதான்!" என்றார், ஏதோ ஜெயித்தவர்போல. ஏரிக்கரையில் தனியாக இருக்கும் கிழவர் பாக்கி ஸ்வீனியின் தோட்டத்தில் கணுக்கால்வரை சேறு. நடுவில் ஒரு பழைய மரம். ஃபெர்கல் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினார். ஒரு புண் இல்லை.

"இது என்ன ஜாதி?"

"கிரெனடியர். சமைக்கத்தான் ஆகும். பச்சையாக் கடிச்சா கண்ணுல தண்ணி வரும்."

"என்ன மருந்து அடிக்கறீங்க?"

"மருந்தா? நானே வாரத்துக்கு ஒருக்காத்தான் குளிக்கிறேன். மரத்தை எவன் கவனிச்சான்?"

அடுத்த வீட்டில் நியூட்டன் வண்டர் என்ற இன்னொரு ஜாதியும் சுத்தமாக நின்றது.

திரும்பும் வழியில், "மண்ணைக் குத்தம் சொன்னேன், மழையைக் குத்தம் சொன்னேன்," என்று முணுமுணுத்தார். அந்த மாதமே இரண்டு ஜாதியிலும் ஒவ்வொரு கன்று நட்டோம்.

நான்காவது ஆகஸ்டில் கிரெனடியர் பதினோரு பழம் தந்தது. பட்டை இன்றுவரை வழவழவென்றுதான் இருக்கிறது. யாருக்கும் நன்றி சொல்லிப் பழகாத மனுஷன், அந்தப் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தைச் சூடாகத் துண்டில் சுற்றிக்கொண்டு மழையில் வாசல் கேட் அருகே காத்து நின்றார்.

"உனக்குத்தான், அட்ராக்டா."

"நான் என்ன செஞ்சேன்? கூட்டிட்டுப் போய்க் காட்டினேன், அவ்வளவுதானே."

"எனக்கு வேற யாரு காட்டினா?" என்றார். பொட்டலத்தை வண்டிக்குள் நீட்டினார்.

அவள் வண்டியிலேயே உட்கார்ந்து விரலால் பிய்த்துப் பாதியைத் தின்றுவிட்டாள். எங்கள் சாலைக்கு அன்று தபால் தாமதம்.