முடி சிக்காத வாட்ச்

மாலை நாலே கால். கடையில் இருந்த வாட்சுகள் எல்லாம் பத்து பத்து காட்டின.

சலூன்காரர் கண்ணாடிப் பெட்டியின் மேல் இடது கையை வைத்தார். இதுவரை அவர் வாட்ச் கட்டியதில்லை. அவருடைய சலூனில் சுவர்க் கடிகாரம் இருந்தது. இந்த மாதக் கடைசியில் அந்தச் சுவரையே இடிக்கப் போகிறார்கள்.

வணிக வளாகத்தில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய சலூனில் நாளை அவருக்கு ஒருநாள் சோதனை. தேறினால் வேலை நிரந்தரம். அதை நடத்தும் அம்மாள் போனிலேயே சொல்லிவிட்டார்: "கஸ்டமர் அரை மணி நேரம் கண்ணாடியில உங்க கையைத்தான் பார்ப்பாங்க. நல்லதா ஒரு டிசைனர் வாட்ச் கட்டிட்டு வாங்க. வெறுங்கையோட வந்தா சரிப்படாது."

"டிசைனர்னா யாரு?" என்று மனைவி கேட்டாள். பணம் அவளுடைய கைப்பையில் இருந்தது.

"வெளிநாட்டுக்காரர் மேடம்," என்றார் டை கட்டிய விற்பனையாளர். "சட்டை, செண்ட், பெல்ட் எல்லாத்துலயும் அவர் பேர் இருக்கும்."

"வாட்ச் பண்ணத் தெரியுமா?"

"உள்ள இருக்கிற மெஷின் வேற கம்பெனி. பேர் மட்டும் அவரோடது."

"பேர் வைக்கவா இவ்வளவு வெலை? எங்க பொண்ணுக்கு எங்க மாமனார் சும்மாவே வெச்சாரு."

விற்பனையாளர் கட்டுப்படியாகிற விலையில் ஒரு தட்டு எடுத்து வைத்தார். சலூன்காரர் ஒவ்வொன்றாகக் கட்டினார். வாட்சை நேரே பார்க்கவில்லை. கையைத் தூக்கி, தூணில் பதித்திருந்த கண்ணாடியில் பார்த்தார். எண் போட்டவை எல்லாம் அதில் திரும்பித் தெரிந்தன. அவற்றை ஒதுக்கினார்.

"இது தண்ணிக்குத் தாங்கும் சார். நூறு மீட்டர் ஆழம்."

"இவர் தலைக்குத் தண்ணி தெளிக்கிறவர். முக்குளிக்கிறவர் இல்ல," என்றாள் மனைவி. "அந்த மூணு குட்டி வட்டம் எதுக்கு?"

விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார். "இந்த விலைக்கு அது சும்மா அழகுக்குத்தான் மேடம். ஓடாது."

"எங்க நாத்தனார் வீட்டுக்காரர் மாதிரி."

"அவரை எதுக்கு இங்க இழுக்கிற?" என்றார் சலூன்காரர். நாத்தனார் அவருடைய தங்கை.

கடைசியில் இரண்டு மிஞ்சின. தோல் பட்டை வைத்தது ஒன்று. அது மனைவியின் தேர்வு. கொண்டுவந்த பணத்துக்குள் அடங்கியது. மற்றது நீல முகம், எஃகுச் சங்கிலி. தட்டில் இல்லாதது. சலூன்காரர் தாமாகவே மேல் அடுக்கைக் காட்டி எடுக்கச் சொன்னது. விலை ஒன்றரை மடங்கு.

"தோல்னா சாயம் பட்டுக் கெட்டுடும்," என்றார் சலூன்காரர்.

"கையைத் தொடைச்சுக்குங்க."

"முடி சிக்குதான்னும் பார்க்கணும் இல்ல? கஸ்டமர் முடியைப் பிடுங்கினா, வந்த வழியே போகச் சொல்லிடுவாங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். மனைவி ஒரு அடி பின்வாங்கினாள். விற்பனையாளர் தலையைக் கொடுத்தார்.

தோல் பட்டை கட்டிய இடது கை முடிக்குள் போய் வந்தது. ஒன்றும் ஆகவில்லை.

"அப்ப இதையே பில் போடுங்க," என்றாள் மனைவி.

"இரு. அதையும் பார்த்துடலாம். பார்க்கிறதுக்குக் காசா?"

சங்கிலி வாட்ச் கட்டிய கை உள்ளே போனது. வரவில்லை.

"சார்," என்றார் விற்பனையாளர்.

"ஆட்டாதீங்க."

"நான் ஆட்டலை சார். நீங்கதான் ஆட்டுறீங்க."

அந்த நேரம் பார்த்து ஒருவர் உள்ளே வந்து, அலாரம் கடிகாரம் இருக்கிறதா என்று கேட்டார். "இடது பக்கம், கீழ் அடுக்கு சார்," என்றார் விற்பனையாளர், பெட்டியைப் பார்த்தபடியே. வந்தவர் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கொக்கியைத் திறந்தார்; வாட்ச் சலூன்காரரின் கையை விட்டது, விற்பனையாளரின் தலையை விடவில்லை. நெற்றிக்கு மேல் தொங்கியது. இழுக்க இழுக்க முடி சங்கிலிக் கண்ணிகளுக்குள் இன்னும் ஏறியது.

"வெட்டிடுங்க," என்றார் முதலாளி.

பரிசுப் பொருள் கட்டும் மேசையிலிருந்து கத்தரி வந்தது. சலூன்காரர் அதன் முனையை விரலால் தடவி முகத்தைச் சுளித்தார். "காகிதம் வெட்டுறது." இருந்தாலும் வெட்டினார். முன்னால் ஒரு பள்ளம் விழுந்தது. அதை மறைக்க வலது பக்கம் கொஞ்சம், அதற்கு ஈடாக இடது பக்கம் கொஞ்சம். முடித்தபோது விற்பனையாளர் முன்னைவிட நன்றாக இருந்தார். தூண் கண்ணாடியைப் பார்த்துவிட்டு டையைச் சரிசெய்துகொண்டார்.

முதலாளி பூதக்கண்ணாடி வைத்து வாட்சைப் பார்த்தார். "முடி கண்ணிக்குள்ள மாட்டிருக்கு. இனிமே புதுசுன்னு யார்கிட்ட விப்பேன்?"

"முடி உங்க ஆளோடது," என்றாள் மனைவி. "அதுக்குக் கழிங்க."

"கழிக்கிறேன்மா. ஆனா எடுத்துக்கணும்."

"வெட்டின கூலி?"

முதலாளி விற்பனையாளரின் தலையைச் சுற்றி வந்து பார்த்தார். இன்னும் கொஞ்சம் கழித்தார். அப்படியும் தோல் பட்டையைவிட அதிகம்தான்.

அவள் கைப்பையின் உள் ஜிப்பைத் திறந்தாள். அது திறந்து சலூன்காரர் பார்த்ததில்லை. தோல் பட்டை வாட்ச் தட்டுக்குத் திரும்பியது.

இருவரும் தெருவுக்கு இறங்கும் படிக்கு வந்தார்கள்.

"முடி சிக்குற வாட்சை, முடி வெட்டுறவருக்கு," என்றாள் அவள். "நாளைக்கு என்னதான் பண்ணப் போறீங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது." அவர் வாட்சை இடது கையிலிருந்து கழற்றி வலது கையில் கட்டினார். "இடது கை சீப்புப் பிடிக்கிற கை. அதுதான் முடிக்குள்ள போகும். கத்தரி பிடிக்கிற கை வெளியிலயே நிக்கும். இதுல கட்டினா சிக்கவே சிக்காது."

காற்றில் நாலு வெட்டு வெட்டிக் காட்டினார். நீல முகம் பளிச்சென்று மின்னியது.

அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"இது உங்களுக்கு எப்போலேருந்து தெரியும்?"