கொத்தளத்துக் கண்ணாடி

"ஆறு வருஷமா கண்ணாடியில ஒரு கீறல்கூட இல்லையே பெரியவரே. உங்க கோட்டை நம்மளைவிடக் கெட்டி."

ஏணியிலிருந்து இறங்கியபடி சொன்னார் இன்ஜினியர். மாற்றலாகி வந்து நாலு நாள்தான் ஆகிறது.

காவல்காரருக்கு முகமெல்லாம் பூரிப்பு. தெற்குக் கொத்தளத்துக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் காவல். உள்ளே ஆயுத அறை. ராஜா காலத்து வாள், ஈட்டி, கேடயம், இரும்பு வளையம் கோத்த சட்டை எல்லாம் அங்கேதான். எண்ணெய் போட்டுத் துடைப்பதும் அவரே. கொத்தளச் சுவரை ஒட்டிய ஒற்றை அறையில் அவரும் சம்சாரமும் குடித்தனம்.

"சும்மாவா சார்? கண்ணுல வெளக்கெண்ணெ விட்டுல்ல பாத்துக்கறேன்."

கொத்தளத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்ட் வைத்து ஒட்டி, தேதி எழுதியிருந்தது.

"இந்த வெடிப்பு வந்த கதை தெரியுமா சார்? இது வில்லுக்காரன் நிக்கறதுக்குக் கட்டினது. ராஜாவுக்குப் பீரங்கி கிடைச்சதும், மேல ஏத்துன்னாரு. தாங்காது மகாராஜான்னான் கல்தச்சன். ஏத்துன்னாரு. ஒரே ஒரு குண்டு. எதிரி பத்து மாசம் முட்டியும் அசையாத சுவரு, சொந்தப் பீரங்கி ஒரு தடவை இருமுனதுல பொளந்துடுச்சு. அன்னிக்கே கீழ எறக்கிட்டாங்க."

"ராஜா எறக்கினதை எங்க ஆபீஸ்ல போன வருஷம் காட்சிக்குன்னு மறுபடி ஏத்திட்டாங்களே. கண்ணாடி உடையலைன்னு நீங்க மாசாமாசம் எழுதிக் கொடுத்ததை வச்சுத்தான் அனுமதியே கிடைச்சுது."

வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த சம்சாரம் நிமிர்ந்தாள். "கண்ணாடிக்கும் பீரங்கிக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"சுவர் நகர்ந்தா கண்ணாடி ஒடையும்மா. ஒடையறதுக்குன்னே வைக்கறது. ஒடைஞ்சாத்தான் நமக்குத் தெரியும்."

அவள் கை நின்றது.

"என்னங்க."

"நீ சும்மா இரு."

"சொல்லுங்க."

"என்னத்தச் சொல்றது?"

"அப்ப நான் சொல்றேன். சார், இது அந்தக் கண்ணாடி இல்ல."

இன்ஜினியர் சிரித்தார். "பின்ன?"

"ஒடைஞ்சுது சார்." காவல்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார். "ஒட்டினவரு, பத்திரம், ஒடைஞ்சா நீதான் பொறுப்புன்னுட்டுப் போனாரு. மொதல்ல ஒடைஞ்சப்ப நான்தான் ஏணியால இடிச்சிட்டேன்னு நெனச்சேன். வேற வெட்டி ஒட்டி, அதே தேதியப் போட்டேன். அப்புறமும் ஒடைஞ்சுது. குருவியோ காத்தோன்னு இருந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் சுத்தமாத்தான் மாத்தினேன் சார். கடைசி ரெண்டு மட்டும் கொஞ்சம் நீளமா வெட்ட வேண்டியதாப் போச்சு."

"ஏன்?"

"பழைய அளவு எட்டல."

இன்ஜினியர் ஏணியின் மேல் வைத்திருந்த கையை மெதுவாக எடுத்துக்கொண்டார்.

"எத்தனை தடவை மாத்தினீங்க?"

"ஏழு."

"எப்பெப்ப? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எவ்வளவு வேகமா நகருதுன்னு தெரிஞ்சா, முட்டுக் கொடுக்க அவகாசம் இருக்கான்னு பாக்கலாம்."

காவல்காரருக்கு நினைவில்லை. எல்லாவற்றிலும் ஒரே தேதியைத்தானே எழுதினார். சம்சாரம்தான் விரல் மடக்கினாள்; இன்ஜினியர் குறித்துக்கொண்டார்.

"மொத தடவை, எங்க பொண்ணு கல்யாணத்துக்கு முந்தின வாரம். அஞ்சு வருஷம் ஆச்சு. அடுத்தது பேரன் பொறந்தப்ப. மூணாவது, இவருக்குக் கண் ஆபரேஷன் ஆனப்ப, ரெண்டு வருஷம் இருக்கும்."

"மத்த நாலு?"

"நாலுமே பீரங்கி ஏத்தினதுக்கு அப்புறம்தான்."

"கடைசியா?"

"போன செவ்வாக்கிழமை."

இன்ஜினியர் எழுதுவதை நிறுத்தினார்.

"அம்மா, சாமானெல்லாம் எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் இப்பவே வெளிய வந்துடுங்க."

"பீரங்கிய எறக்கிட்டா சார்?" என்றார் காவல்காரர்.

"எறக்கக் கிரேன் வரணும். அந்த அதிர்வே போதும், கொத்தளம் உக்காந்துடும். முட்டுக் கொடுக்க மூணு மாசம் ஆகும். இது மூணு வாரம் நின்னாலே அதிகம்."

"ஆயுதத்தையாவது எடுத்துடறேன். யாரும் வேணாம், நான் ஒருத்தன் போறேன். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடுவேன்."

"யாரையும் உள்ள விட முடியாது பெரியவரே. சாவியக் கொடுங்க."

"என் கையால தொடைச்ச சாமான் சார்."

"தெரியுது. கொடுங்க."

"கொடுத்துடுங்க," என்றாள் சம்சாரம்.

சாவி தொங்கிய இடுப்புக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்கவே அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

பொழுது சாய்வதற்குள் கொத்தளத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் மூட்டைகளின் மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த வளையச் சட்டைய மேஜையில விரிச்சுப் போட்டிருக்கேன். பாதிக்குத்தான் எண்ணெ போட்டேன்."

"விடுங்க."

"மீதி துரு ஏறிடும்."

கயிறு கட்டியவர்களில் ஒருவன் தூரத்திலிருந்து கையை ஆட்டினான்.

"எந்திரிங்க," என்றாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு. "இன்னும் தள்ளிப் போய் உக்காரணுமாம்."