எட்டு மணிக்கே இருட்டிய நாள்

கல்யாணமாகி ஏழு வருடம் நான் ஒரு சினிமாத் திரைக்குள் குடியிருந்தேன். காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் எங்கள் டிரைவ்-இன் தியேட்டரின் திரை சாதாரணப் பலகை இல்லை, ஆறு மாடி உயரக் கோபுரம். அளந்து பார்த்தவர்கள் நாலு மாடிதான் என்பார்கள். அவர்கள் யாரும் அந்தப் படிக்கட்டில் மளிகை மூட்டை தூக்கியவர்கள் அல்ல. கோபுரத்தின் முன்பக்கம் வெள்ளை அடித்த திரை. அதன் முதுகுக்குள் எங்கள் வீடு: சமையலறை, படுக்கையறை, மகள் ட்வைலாவுக்கு அலமாரி அளவில் ஓர் அறை. என் அடுப்புக்கு நேர் எதிர்ப்புறம் கதாநாயகிகளின் நெற்றி வரும். கோபம் வந்து நான் வாணலியைச் சுவரில் இடித்தால், முத்தக் காட்சியில் நாயகிக்கு லேசாகத் தலை ஆடும்.

முன்பக்கம் ஜன்னல் வைக்க முடியாது. வைத்தால் நாயகனின் மூக்கில் ஓட்டை விழும். எனவே எல்லா ஜன்னல்களும் மேற்கே பார்த்தவை. கான்சாஸில் கெட்ட வானிலை மேற்கிலிருந்துதான் வரும். அதை முதலில் பார்ப்பதும் நான்தான், மைதானத்தின் நடுவே ஆபரேட்டர் அறையில் இருக்கும் என் கணவன் ஆர்லோவுக்கு உள்தொலைபேசியில் சொல்வதும் நான்தான். அந்த ஜூன் மாதம் மட்டும் பதினோரு சுழற்காற்றுகளை அறிவித்திருந்தேன். அதில் ஒன்று பக்கத்துப் பண்ணையில் வைக்கோல் எரித்த புகை. இன்னொன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்த பால் லாரி. மற்ற ஒன்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

அது 1967. அந்த வருடம்தான் அரசாங்கம் கோடைக்கு எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தது. விவசாயிகள் முணுமுணுத்தார்கள். டிரைவ்-இன்காரர்கள் அழுதார்கள். வெளிச்சம் இருக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, ஒன்பதேகாலுக்குத்தான் படமே போட முடிந்தது. அதற்குள் குழந்தைகள் பின்சீட்டில் தூங்கிவிடுவார்கள், பெரியவர்கள் ஹார்னில் கை வைத்துவிடுவார்கள்.

எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வாய் கிடையாது, ஹார்ன்தான். படம் மங்கினால் ஹார்ன். படச்சுருள் அறுந்தால் ஹார்ன். குறுக்கே யாராவது நடந்து திரையில் நிழல் விழுந்தால் ஹார்ன். இருட்டிய பிறகும் படம் போடாவிட்டால் பக்கத்து மாநிலத்தில் மாடுகள் பால் கறக்க விடாது.

அன்று சனிக்கிழமை. இருநூறு வண்டிகள் மேற்கு நோக்கி, அதாவது திரையை நோக்கி, வரிசையாக நின்றிருந்தன. நான் மேலே உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தேன். எட்டு மணி இருக்கும், சமையலறை திடீரென்று மங்கியது. ஜன்னலைப் பார்த்தேன். வானம் பச்சையாக இருந்தது. பழைய செம்புப் பாத்திரத்தில் பிடிக்கும் களிம்பின் பச்சை. அதற்குக் கீழே ஒரு கறுப்புச் சுவர்.

தொலைபேசியை எடுத்தேன். "ஆர்லோ, மேற்கே பாத்தியா?"

"எங்கேர்ந்து பாக்கறது? உன் வீடுதான் மறைச்சுக்கிட்டு நிக்குதே. ஆனா இருட்டினது தெரியுது. எட்டு மணிக்கே இருட்டிடுச்சு, லவெர்ன். கவர்மென்ட் புடுங்கின ஒரு மணி நேரத்தை ஆண்டவர் திருப்பிக் குடுத்துட்டாரு."

"இது ராத்திரி இல்ல. சுழல்காத்து."

"எவ்வளவு பெருசு?"

"நம்ம மாவட்டம் அளவு இருக்கு."

அவன் சிரித்தான். "பால் லாரியும் அதே அளவுதான் இருந்துச்சு."

தொலைபேசிக்குள் ஹார்ன்கள் கேட்டன. முதலில் பத்து, பிறகு எல்லாம்.

"கேக்குதா? இருட்டிடுச்சு, படத்தைப் போடுன்னு இருநூறு வண்டி கூப்பிடுது. நீ ஒருத்தி மட்டும் வேணாங்கற," என்று வைத்துவிட்டான்.

சற்றுநேரத்தில் என் அடுப்புச் சுவர் மெல்லிதாகச் சூடேறியது போல் இருந்தது. மறுபக்கம் படம் தொடங்கிவிட்டது. ஹார்ன்கள் சந்தோஷமாக ஓய்ந்தன. இருட்டு சீக்கிரம் வந்துவிட்டதென்று ஒரு மைதானமே மகிழ்ந்துபோய் உட்கார்ந்திருந்தது.

ஜன்னலில் மூன்று மைல் தள்ளி ஒரு பண்ணையின் தானியக் கோபுரம் தெரியும். தினமும் பார்ப்பது. அன்றும் பார்த்தேன், இருந்தது. கண்ணைச் சிமிட்டிப் பார்த்தேன், இல்லை. சத்தமே இல்லை. யாரோ சாப்பாட்டு மேஜையிலிருந்து உப்பு டப்பாவை எடுத்த மாதிரி. இதில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்ட இடமில்லை.

ட்வைலா கீழே இருந்தாள்.

திரையின் காலடியில்தான் குழந்தைகள் விளையாடும் இடம். ஊஞ்சல், சறுக்கு, ராட்டினம். எங்கள் கோபுரம் மரத்தூண், பலகை, ஆணி, கொஞ்சம் நம்பிக்கை, அவ்வளவுதான். மேற்கிலிருந்து காற்று அடித்தால் கிழக்கே சாயும். கிழக்கே ஊஞ்சல்கள்.

படிகளில் இறங்கினேனா விழுந்தேனா என்று தெரியாது. கீழே பதினைந்து குழந்தைகள் இரவு உடையில், செருப்பில்லாமல், தலைக்கு மேல் ஓடும் படத்தைக் கண்டுகொள்ளாமல் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தார்கள்.

"சுழல்காத்து வருது, எல்லாரும் ஓடுங்க," என்றேன்.

யாரும் இறங்கவில்லை. ஒரு பெண் "எங்க?" என்று கேட்டு, பார்ப்பதற்காக ஊஞ்சலை இன்னும் உயரே உந்தினாள்.

"எங்கம்மா எப்பவும் இப்படித்தான்," என்று ட்வைலா மற்றவர்களுக்கு விளக்கினாள். "நேத்து குழம்புல முதலை இருக்குன்னாங்க."

ஏழு வருடமாக நான் சொன்ன முதலைகளெல்லாம் வரிசையாக வந்து எனக்கும் அந்தக் குழந்தைகளுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தன. கோபுரத்தின் ஆணிகள் முனகத் தொடங்கின.

"சரி," என்றேன். "கடையில ஒனேட்டா அத்தை ஹாட் டாக் சும்மா குடுக்கறாங்க. முதல்ல வர்றவங்களுக்கு ரெண்டு."

ஊஞ்சல்கள் காலியாயின. ஆளில்லாமல் ஆடிக்கொண்டே நின்றன.

வண்டிகளுக்கு நடுவே ஓடினோம். நான் ட்வைலாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். ஒளி எங்கள் மேல் பட்டு, திரையில் நாயகனின் முகத்தில் என் நிழல் பெரிதாக ஏறியது. உடனே ஹார்ன்கள்.

"ஏம்மா, உன்னைப் பாக்கவா நாங்க குடும்பத்தோட வந்தோம்?" என்று ஒருத்தன் ஜன்னல் வழியே கத்தினான்.

"உங்க தலையைக் கொஞ்சம் கழட்டி வெச்சுட்டுப் போங்க," என்றான் இன்னொருத்தன்.

பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதுவே எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

ஆபரேட்டர் அறையும் சிற்றுண்டிக் கடையும் ஒரே கட்டடம். கான்கிரீட் கல், தாழ்ந்த கூரை, பாதி தரைக்குள் இறங்கியது. குழந்தைகளைக் கடைக்குள் தள்ளிவிட்டு ஆர்லோவிடம் ஓடினேன். அவன் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தான். "ஃபோகஸ் நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இப்படி அடிக்கறானுங்க..."

அவன் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன்.

திரையில் நாயகன் எதையோ நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் அந்தக் கறுப்புச் சுவர் பக்கவாட்டில் நகர்ந்தது. அதற்குள் சின்னச் சின்னதாக ஏதேதோ சுழன்றன. அதில் ஒன்று ஒரு வீட்டின் கூரை.

ஆர்லோ மைக்கை எடுத்தான். காணாமல்போன குழந்தைகளை அறிவிக்க வைத்திருந்த மைக். அதில் பேசினால் இருநூறு வண்டிகளின் ஜன்னலில் தொங்கும் ஸ்பீக்கர் பெட்டிகளிலும் கேட்கும். நான் அவன் வாயைப் பொத்தினேன்.

"சொல்லாத. சொன்னா எல்லாம் வண்டியைக் கிளப்பிடும். இருக்கறது ஒரே வாசல். ஒருத்தர்மேல ஒருத்தர் ஏத்திக்குவாங்க."

"வேற என்ன சொல்ல?"

"ஹாட் டாக்."

ஏழு வருடத்தில் அவன் என்னோடு வாதாடாமல் கேட்டது அந்த ஒரு முறைதான். படத்தை நிறுத்தினான். சர்ச்சில் அறிவிப்பு வாசிக்கும் குரலில் பேசினான்.

"அன்பான விருந்தாளிகளே, மெஷின்ல ஒரு சின்னக் கோளாறு. சரி பண்றவரைக்கும் கடையில எல்லாருக்கும் ஹாட் டாக் இலவசம். வண்டியை அப்படியே விட்டுட்டு நடந்து வாங்க. இந்தச் சலுகை ரெண்டே நிமிஷம்."



படத்தின் சத்தம் நின்றதும் மற்ற சத்தம் கேட்டது. ரயில் மாதிரி என்பார்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. ஆயிரம் மேஜைகளைக் கல் தரையில் யாரோ நம்மை நோக்கி இழுத்து வருவது போல் இருந்தது.

கதவுகள் திறந்தன. ஐந்நூறு பேர் வந்தார்கள், பாதிப் பேர் ஓட்டமாக. பயத்துக்காக அவ்வளவு வேகமாக யாரும் ஓடி நான் பார்த்ததில்லை. கடையைப் பார்த்துக்கொள்ளும் ஒனேட்டா ஆர்லோவின் அக்கா. கரண்டியோடு என்னை மறித்தாள்.

"எவன் இலவசம்னு சொன்னான்? எங்கிட்ட இருக்கறதே நாப்பதுதான்."

"கதவை விட்டு நகரு, ஒனேட்டா. அப்புறம் திட்டலாம்."

அவள் என் தோளுக்கு மேலாக வெளியே பார்த்தாள். கரண்டியை வீசிவிட்டு, வருகிறவர்களைச் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுக்க ஆரம்பித்தாள்.

கடைசியில் ஒரே ஓர் ஆள் வெளியே நின்றார். வயதான விவசாயி. தன் ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றிக் கம்பத்தில் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டாமல் போகாதீர்கள் என்று ஆர்லோ எல்லாக் கம்பத்திலும் எழுதி வைத்திருந்தான். இத்தனை வருடத்தில் அதைப் படித்த ஒரே மனிதர்.

"பெரியவரே, அதை விடுங்க," என்று ஆர்லோ ஓடினான்.

"இருப்பா, கொக்கி மாட்ட மாட்டேங்குது."

மைதானத்தில் காகிதத் தட்டுகள் தரையை விட்டு எழுந்து நின்றன. ஆர்லோ பெரியவரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கதவைச் சாத்த ஆறு பேர் சாய வேண்டியிருந்தது. விளக்கு போயிற்று.

காது அடைத்தது. பல் வலித்தது. கூரை மூச்சு விடுவது போல் ஏறி இறங்கியது. நான் ட்வைலாவை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டு அவள்மேல் படுத்திருந்தேன். யாரோ பிரார்த்தனை செய்தார்கள், யாரோ என் கால்மேல் அழுதார்கள். பிறகு, அத்தனை இரைச்சலுக்கு நடுவிலும், ஒரு நீண்ட முறிவு கேட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது. என் அடுப்பு, என் கட்டில், ட்வைலாவின் அலமாரி அறை, எல்லாம் ஊஞ்சல்கள் இருந்த இடத்தில் படுத்துக்கொண்டன.

இரைச்சல் போனது. எவனோ லைட்டரைப் பொருத்தினான். தாய்மார்கள் பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் இடைவெளியில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பதினைந்து பெயருக்கும் பதில் வந்தது.

அந்த விவசாயி தொண்டையைச் செருமினார். "ஏம்மா, அந்த ஹாட் டாக் நிஜந்தானா?"

"நிஜந்தான்," என்றாள் ஒனேட்டா. "பாதிப் பாதியா வெட்டித் தரேன். கடுகுச் சாந்து வேணும்கறவங்க வாயைத் திறக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"அம்மா, வலிக்குது," என்றாள் ட்வைலா.

அவள் மணிக்கட்டை நான் இன்னும் பிடித்திருந்தேன். விட முயன்றேன். விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. ஆர்லோ என் பக்கத்தில் மண்டியிட்டு, லைட்டர் வெளிச்சத்தில், அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான்.