புது பேடுக்கு இருபது பிரேக்

தேவாலய முனையிலிருந்து இறக்கத்தில் வந்த வண்டி ஃபனோரியின் வீட்டு வாசலில் நின்றபோது போட்ட சத்தத்தில், எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது. இரும்பும் இரும்பும் உரசுகிற கீச்சு. சோள அரெப்பா ரொட்டியைக் கல்லில் திருப்பிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு சன்னலுக்கு வந்தாள். பழைய சிவப்பு ரெனோ. உள்ளே எவேலியோ. பதினோரு வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து வாங்கிக்கொண்டு போன புருஷன்.

அவன் ஒரு குக்கரைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

"ஞாயித்துக்கிழமை மோன்டேரியாவுக்குக் கெளம்பறேன். இனி தங்கச்சி வீட்டோடதான். அங்க பாத்திரமெல்லாம் இருக்கு. அதான் இத உங்கிட்ட குடுத்துட்டுப் போலாம்னு."

கீழே இறங்கி வந்த ஃபனோரி குக்கரைப் பார்க்கவேயில்லை. முன்சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, அதன் ஓட்டை வழியாகக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"எத்தன நாளா இப்படிக் கத்துது?"

"கத்துதா? பாடுதுன்னுல்ல நெனச்சேன்."

"டிராம்போன் ஊதி ஊதி ஒன் காது செத்துப்போச்சு. பிரேக் பேடு தேஞ்சு தகடு தெரியுது, மனுஷா! இதோட மலை எறங்கினா நீ மோன்டேரியா போகமாட்டே, நேரா பரலோகம்தான்."

"பேடு வாங்கி டிக்கியில வச்சிருக்கேன்," என்றான் அவன் மெதுவாக.

"எப்போ வாங்கினே?"

"ஈஸ்டருக்கு முன்னாடி."

இப்போது ஆகஸ்ட். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். "கராஜுக்குள்ள விடு. சரிவுல ஜாக்கி போட நான் என்ன பைத்தியமா?"

இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த வண்டியில் ஃபனோரியைத் தவிர வேறு யாரும் ஸ்பானர் வைத்ததில்லை. ஃபனோரியின் அப்பா பட்டறை வைத்திருந்தவர். ஐந்து பெண்களில் இவளுக்கு மட்டும் அந்தக் கை வந்தது. எவேலியோவுக்கோ, நகராட்சி பேண்டில் டிராம்போன் வாசிப்பதையும் சமைப்பதையும் தவிர ஒன்றும் தெரியாது. 'அந்த வீட்டுல பொம்பள வண்டிக்கடியில, ஆம்பள அடுப்படியில' என்று தெருவே சிரிக்கும். இவர்களும் சேர்ந்து சிரித்தவர்கள்தான். பிறகு பேண்டு ஊர் ஊராகப் போனது. அவன் வீட்டில் இருந்த நாட்களிலும் பேச்சு குறைந்தது. கடைசியில் மகள் யூலியானா வழியாகத்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். பெரிய சண்டை என்று ஒன்று நடக்கவேயில்லை. அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறாதது.

பின்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தாள். நட்டுகளை முதலில் தரையிலேயே தளர்த்தி, பிறகு ஜாக்கியை ஏற்றி, அடியில் இரும்பு ஸ்டாண்டை வைத்து, வண்டியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. சக்கரத்தைக் கழற்றும்போது மேலே இருந்து தீய்ந்த வாடை வந்தது.

"அரெப்பா!" என்று கத்திக்கொண்டு எவேலியோ படியேறி ஓடினான். அவள் தடுக்கவில்லை. சற்று நேரத்தில் மேலிருந்து குரல் வந்தது.

"உப்பு எங்க?"

"சன்னலுக்குக் கீழ."

"சன்னலுக்குக் கீழயா? எப்பவும் அடுப்புக்கு வலப்பக்கம்தான இருக்கும்?"

பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்த அவள் கை ஒரு நொடி நின்று, மறுபடி வேலையைத் தொடர்ந்தது.

தட்டோடு அவன் இறங்கி வந்தபோது, பிரேக் ஆயில் ஹோஸில் பாரம் விழாமல் இருக்க காலிப்பரைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். பழைய பேடுகளை அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்று பிஸ்கட் போல இளைத்திருந்தது. இன்னொன்றின் ஓரம் வெறும் தகடு. டிஸ்க்கில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். லேசான கீறல்தான்.

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா இதுவும் போயிருக்கும். சரி, பிஸ்டன உள்ள தள்ளப்போறேன். நீ பானெட்டத் தொறந்து பிரேக் ஆயில் டப்பாவப் பாரு. பொங்கி வந்தா சொல்லு."

"பொங்கறதப் பாத்துக்கறதுதான எனக்குத் தெரிஞ்ச வேல."

கிளாம்பின் திருகை அவள் மெல்ல மெல்ல முறுக்கினாள். பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது.

"இத எந்த மெக்கானிக் கிட்ட குடுத்தாலும் அரை மணி நேரத்துல முடிச்சிருப்பானே," என்றாள் கீழிருந்தே.

"குடுத்திருக்கலாம்," என்றான் அவன், டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு தடவ பட்டற வாசல்வரைக்கும் போனேன். மனசு வரல, திரும்பிட்டேன்."

அவள் புதுப் பேடைப் பொருத்தினாள். மூக்கை உறிஞ்சியது கிரீஸ் வாடையால் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டு பக்கமும் முடித்து, சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கியபின் அவனைச் சீட்டில் உட்காரவைத்தாள். "பெடல அமுத்து. இன்னும். கல்லு மாதிரி ஆகற வரைக்கும் அமுத்து." அமுக்கினான். முதலில் பஞ்சு போல உள்ளே போன பெடல், ஐந்தாவது ஆறாவது அமுக்கில் இறுகியது.

"அப்போ நான் வரட்டுமா?"

"எங்க வர்றது? புது பேடு டிஸ்க்கோட பழகணும். இருபது தடவ நிதானமா பிரேக் போட்டாத்தான் பிடிப்பு வரும். தள்ளி உட்காரு, நான் ஓட்டறேன்."

இரண்டாவது கியரில் இறக்கத்தில் இறங்கினார்கள். சத்தமேயில்லை. அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். நான்காவது பிரேக் ரொட்டிக்கடை முன்னால். பிரசவ வலியோடு அவள் 'கொய்யா ரொட்டி வாங்கிட்டுத்தான் ஆஸ்பத்திரி' என்று அடம்பிடித்த கடை. ஒன்பதாவது, பழைய பேண்டு மண்டபத்தருகே. அங்கே இப்போது செல்போன் கடை. எவேலியோ தலையைத் திருப்பிக்கொண்டான். பன்னிரண்டாவது, வெந்நீர் ஊற்றுக்குப் பிரியும் சாலையில்.

"கல்யாணமான மறுநாள் இந்த வழியாத்தான் போனோம்," என்றான் அவன். "அப்படி ஒரு மூடுபனி. நீ சிரிச்சுக்கிட்டே ஓட்டினே."

"நீ கதவப் பிடிச்சுக்கிட்டு மாதா ஜெபம் சொல்லிக்கிட்டே வந்தே."

"உயிரோட போய்ச் சேந்தோம்ல? ஜெபம் பலிச்சுது."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு இவ்வளவு பெரியது என்பதை அவனே மறந்திருந்தான் போல, திரும்பிப் பார்த்தான். அதற்குப் பிறகு எண்ணிக்கை குழம்பிவிட்டது. பதினேழா, பதினெட்டா என்று இருவருக்கும் தெரியவில்லை. பத்தொன்பது என்று அவள் தீர்ப்புச் சொன்னாள்.

கடைசியாகச் சிப்ரே மேட்டில் நிறுத்தினாள். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சள் வெயில். பிளாஸ்டிக் கோப்பையில் வெல்லத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

"ஃபனோரி, நீயும் வான்னு கேட்டா..."

"கேக்காத." அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கேட்டா நான் மாட்டேன்னு சொல்லணும். சொன்னா இன்னிக்கு சாயங்காலம் கெட்டுப்போயிடும். எத்தன வருஷத்துக்கப்புறம் வந்த சாயங்காலம்!"

அவன் தலையாட்டினான். வெயில் மலைக்குப் பின்னால் போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, அவளை வீட்டில் இறக்கிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினான். திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது. வழியில் மழை, லாரிகள், இறக்கம் முழுக்க நல்ல பிடிப்பு, தங்கச்சி குழம்பில் உப்பில்லை என்று எல்லாவற்றையும் சொன்னான். ஃபனோரி முதலில் நின்றுகொண்டு கேட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் கேட்காமலே தன் நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் பேசினார்கள். இந்தத் தடவை நடுவில் யூலியானா இல்லை.